இல்லாத கோடு

ராயக்கோட்டை ரோட்டு மர அறுவை மில்லில்
எனக்குக் கொடுத்த மேசை ஒரு புளியங்கட்டை.
புளி என் வேலைக்கு ஆகாது.
எந்த வருஷத்தையும் தனியாகப் பிரித்து வைக்கத் தெரியாத மரம்,
உள்ளே எல்லாம் ஒரே பழுப்பு.
தேக்கு அப்படியில்லை.
முதல் மழையில் வாய் பிளந்து குடித்ததை
துளைத்துளையாய் வரிசை கட்டி வைத்திருக்கும்.

தேன்கனிக்கோட்டையில் இடித்த பங்களா ஒன்றின் உத்தரம்
மாசியில் வந்து இறங்கியது.
பதினோரடி. ஆணிக் காயங்கள், வௌவால் எச்சம்,
ஒரு மூலையில் மட்டும்
தச்சனின் உளிக்குத் தப்பிய பட்டை விளிம்பு.
அது போதும், வெட்டிய வருஷம் சொல்ல.
திம்மராயன் ரம்பத்தை ஓட்டி
மூன்று விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்துத் தந்தார்.

எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
உப்புத்தாளின் எண் ஏற ஏற
மரம் முகம் கழுவிக்கொண்டு வந்தது.
லென்ஸுக்கு அடியில்
அரை மில்லிமீட்டர் என்றால் பஞ்சம்.
மூன்று என்றால் ஏரி மறுகால் பாய்ந்திருக்கும்,
யார் வீட்டிலோ கடனில்லாமல்
ஒரு கல்யாணம் நடந்திருக்கும்.

பத்துக்கு ஒரு புள்ளி,
ஐம்பதுக்கு இரண்டு.
சின்னாற்றங்கரைத் தேக்கு ஒன்றின் அளவுகளோடு
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
வெளி விளிம்பு விகாரி வருஷம்.
அங்கிருந்து பின்னோக்கி இருபத்திரண்டு வருஷம்
தோளோடு தோள் வந்த இரண்டும்
அதற்கப்புறம் தாளம் தப்பின.
இவன் மெலிந்தபோது அவன் கொழுத்தான்,
ஒரே வானத்துக்குக் கீழே.

மறுபடி எண்ணினேன். டீ ஆறி ஆடை கட்டியது.
மறுபடி.
"விட்டுப்போச்சாம்மா?" என்றார் திம்மராயன்.
நான் விடவில்லை. மரம் விட்டிருந்தது.

தாது வருஷம் நூல் அளவு இருக்கிறது.
ஈஸ்வர வருஷம் இல்லவே இல்லை.
மேட்டில் நின்ற அந்தத் தேக்கு
அந்த ஆண்டு வளரவில்லை, சாகவும் இல்லை,
ஒரு கோடுகூடப் போடாமல்
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.
ஆற்றங்கரை மரத்தின் வேருக்கு மட்டும்
எங்கேயோ கொஞ்சம் ஈரம் எட்டியிருக்கிறது;
அதனிடம் அந்த வருஷம் உண்டு, ஒரு மயிரிழை.
அது சாட்சி சொல்லியிருக்காவிட்டால்
அப்படி ஓர் ஆண்டு போனதே எனக்குத் தெரிந்திருக்காது.

பழைய சேலம் ஜில்லாக் கணக்கில்
ஒரு மேட்டுக் குடியிருப்பைப் பார்த்திருக்கிறேன்.
தாதுவில் நாற்பத்திரண்டு பெயர்.
வெகுதானியத்தில் பதினேழு.
(வெகுதானியம்! பஞ்சாங்கத்துக்குப் பசிக்காது.)
நடுவில் பக்கமே கிடையாது.
யாரும் கிழிக்கவில்லை, தையல் நூல் அப்படியே இருந்தது.
வரி கட்ட ஆள் இல்லாத ஊரைப் பற்றி
எழுத என்ன இருக்கிறது என்று
பேனாவை வைத்துவிட்டார்கள்.

இந்த ஜில்லாவில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை.
மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கு உண்டு,
புலியைக் குத்திச் செத்தவனுக்கு உண்டு,
கூடவே பாய்ந்த நாய்க்கும் உண்டு.
அரூர்ப் பக்கம், தொப்பூர்ப் பக்கம், வயல் வயலாய்த் தேடியும்
கேழ்வரகு கிடைக்காமல் செத்தவளுக்கு
ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.
இருபத்தைந்து பேருக்கு
எது ஆற்றங்கரை மரம்?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு.
இல்லாத வளையத்துக்குப் பூஜ்யம் போட வேண்டும்.
காலியாக விடக் கூடாது.
விட்டால், அதற்கு முன்னால் பெய்த மழையெல்லாம்
ஒரு வருஷம் தள்ளிப் பெய்திருக்கும்,
முன்னால் வாழ்ந்தவர் எல்லோரும்
தங்களுக்குச் சொந்தமில்லாத ஆண்டுகளில்
பிறந்து செத்திருப்பார்கள்.
ஈஸ்வர என்று எழுதி
எதிரே பூஜ்யம் போட்டேன்.
பென்சில் கொஞ்சம் அழுந்திவிட்டது.

"இதுல நம்ம பொறந்த வருஷம் தெரியுமா?" என்றார் அவர்.
அதற்கு ரொம்ப முன்னாலேயே வெட்டிவிட்டார்கள் என்றேன்.
"எனக்கும் ஜூன் ஒண்ணுன்னு
வாத்தியார் போட்டதுதான்" என்று சிரித்து
மர்ம வருஷத்தையும் மரத்தூளையும்
தோள் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டார்.

மீதி உத்தரத்தை பர்கூரில் ஒருவர்
நிலைக்கு எடுத்துப்போனார்.
வெடிப்பு இருக்கிறதா என்று
தட்டித் தட்டிப் பார்த்தார்.
இல்லை.
அவ்வளவு கெட்டியாக மூடியிருந்தது.